பறக்கும் தட்டானைப் படம் பிடிக்க: வாய்க்கால் கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

உட்கார்ந்திருக்கும் தட்டானைப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, பறக்கும் தட்டான். திருவையாறு, கண்டியூர் பக்கத்து வாய்க்கால் கரைகளில் ஆறேழு வருடமாக இதைச் செய்துவருகிறேன். புதிதாக வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வண்டியை விட்டு இறங்கியதும் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பூச்சியின் பின்னால் போகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அறுநூறு படம் இருக்கும், அத்தனையிலும் ஒரு மங்கலான கோடு மட்டும் இருக்கும்.

பறக்கும் பூச்சியைத் துரத்திப் பிடிக்க முடியாது. அது எந்த வழியில் வரும், எங்கே நிற்கும் என்று தெரிந்துகொண்டு அங்கே காத்திருந்தால் பிடிக்கலாம். கீழே உள்ள வரிசை முழுவதும் அதற்காகத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன், உங்கள் ஊர்க் குளத்துக்கு ஏற்றபடி பிறகு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

1. எந்தப் பூச்சி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாத் தட்டானும் ஒரே மாதிரி பறப்பதில்லை. அது தெரியாமல் கிளம்பினால் கண்ணில் பட்டதையெல்லாம் துரத்திக்கொண்டிருப்போம்.

புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டானை. அறிவியல் பெயர் பாண்டாலா ஃப்ளாவெசென்ஸ். பகலில் இது அநேகமாக உட்காராது. பறந்துகொண்டே கொசுவையும் சின்னப் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். களத்து மேட்டிலும் நடவு முடிந்த வயலிலும் ஆள் உயரத்தில் பத்து இருபதாகச் சுற்றும். உழவு நடக்கும் வயலில் டிராக்டருக்குப் பின்னாலேயே வரும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது உடனே வந்துவிடுவதால் பழகுவதற்கு இதைப் போலத் தோதான பூச்சி இல்லை.

அல்லியும் கோரையும் மண்டிய குளங்களில் மஞ்சளும் கறுப்புமாகச் சிறகு கொண்ட ஒரு தட்டான் உண்டு. தூரத்தில் பார்த்தால் வண்ணத்துப்பூச்சி என்றே நினைப்போம். இது ரையோதெமிஸ் வேரிகேட்டா. தட்டான்களில் இது மெதுவாக, படபடத்துப் பறப்பது. முதல் நாளே ஒரு நல்ல படம் வேண்டும் என்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

பச்சை மார்பும் இடுப்பருகே நீலமுமாக, குளத்தின் நடுவே ஒரே தடத்தில் ரோந்து போகும் பெரிய தட்டான் அனாக்ஸ் வகை. இதன் வேகம் அதிகம். இரண்டு மூன்று முறை மற்றவற்றில் கை பழகிய பிறகு இதற்குப் போங்கள். குச்சி நுனியில் உட்கார்ந்து, எழும்பி, மறுபடி அதே நுனிக்கு வரும் வகைகளுக்குத் தனி முறை இருக்கிறது. அதை 9ஆம் பகுதியில் சொல்கிறேன். ஊசித்தட்டான் மெதுவாகத்தான் பறக்கும், ஆனால் மிகவும் மெலிது. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

2. மாதம், நேரம், காற்று

தட்டானின் குஞ்சுப் பருவம் முழுவதும் தண்ணீருக்குள் கழிகிறது. அதனால் டெல்டாவில் தண்ணீரின் கணக்குத்தான் தட்டானின் கணக்கும். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கிளை வாய்க்கால்களுக்கு வந்து, நாற்றங்காலிலும் வயலிலும் நின்ற பிறகுதான் எண்ணிக்கை ஏறும். ஆடியில் ஆசைப்பட்டுப் போகாதீர்கள். அந்தக் காற்றில் பூச்சியும் நிற்காது, உங்கள் கையும் நிற்காது. புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை, இரண்டு மழைக்கு இடையே வெயில் அடிக்கும் நாட்கள்தான் நமக்கு.

காலை 8 மணியிலிருந்து 10.30 வரை முதல் வேளை. அதற்கு முன்னால் போனால் பனியில் நனைந்து உட்கார்ந்திருக்கும். பறப்பதற்கு அதன் தசைகள் சூடாக வேண்டும். உச்சி வெயிலில் ஒளி மேலிருந்து விழுவதால் முகமும் மார்பும் இருட்டாகிவிடும். மாலை மூன்றரையிலிருந்து ஐந்து வரை இரண்டாம் வேளை.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். மேகம் திரளும் அந்த அரை மணி நேரத்தில் இடுப்பு உயரத்தில் கூட்டமாகப் பறக்கும், அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. வெளிச்சம் குறைந்துவிடும் என்பதால் ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் திறனின் அளவு) 3200க்கு ஏற்றத் தயாராக இருங்கள். இடி கேட்டதும் வெட்டவெளியை விட்டு வந்துவிடுங்கள்.

இப்போது காற்று. ஒரே இடத்தில் மிதக்க நினைக்கும் தட்டான் காற்றை எதிர்த்து முகம் வைக்கும். எதிர்க்காற்றில் அதன் வேகம் தரையைப் பொறுத்துக் குறையும், சில நொடி அப்படியே தொங்கும். அந்த நொடிகள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் அது உங்கள் முகத்தைப் பார்த்துத் தொங்கும். காற்று எதிரிலிருந்து வந்தால் வாலைத்தான் பார்ப்பீர்கள். கடும் காற்றில் எதுவும் நடக்காது. நெல் தோகை லேசாகத் தலையாட்டும் அளவு காற்று போதும்.

3. என்னென்ன வேண்டும்

லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா ஒன்று. லென்ஸ் 70-300 மி.மீ. ஜூம் போதும். கடையில் விசாரிக்கும்போது அது எவ்வளவு பெரிதாக்கும் என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்றும் கேளுங்கள். ஒன்றரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆனால் நல்லது. கிட்டே போக முடியாத பெரிய லென்ஸை இரவல் வாங்கி வந்து, குளம் முழுவதும் தட்டான் இருந்தும் ஒன்றும் எடுக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முக்காலி வேண்டாம். பூச்சி திரும்பும் வேகத்துக்கு அது திரும்பாது. லென்ஸ் கனமாக இருந்தால் ஒற்றைக்கால் கம்பம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். உட்கார ஒரு பழைய சாக்கு, வியர்வைக்குத் துண்டு, தொப்பி, தண்ணீர், மழை வந்தால் கேமராவை மூட பாலித்தீன் பை. வெள்ளைச் சட்டை வேண்டாம், உடம்பின் அசைவை அது எடுத்துக் காட்டும். காலுக்கு மூடிய செருப்பு அல்லது பூட்ஸ் கட்டாயம். வரப்பில் எலி வளை இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். கால் வைக்கும் முன் குச்சியால் தட்டிவிட்டுப் போங்கள். கடித்துவிட்டால் நாட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.

4. கேமராவை முந்தின இரவே அமைத்து வையுங்கள்

கரையில் நின்று மெனுவைத் தோண்டிக்கொண்டிருந்தால் நல்ல வெளிச்சம் போய்விடும்.

மேனுவல் முறையில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால், பூச்சிக்குப் பின்னால் கரும்பச்சைத் தண்ணீர் வரும்போது படம் வெளுத்துப்போகும், வானம் வரும்போது பூச்சி கரிக்கட்டையாகும். பூச்சியின் மேல் விழும் வெயில் மாறவில்லை, பின்னணிதான் மாறுகிறது. ஆகவே அளவையும் மாற்றக் கூடாது.

தொடக்க அளவு: ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/3200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது) எஃப்/8, முழு வெயிலில் ஐஎஸ்ஓ 800. காலை 8 மணி இளவெயிலில் 1600. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் ஒரு பூச்சி 1/1000 நொடியில் 5 மி.மீ. நகர்ந்துவிடும். அதன் தலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். 1/3200ல் அந்த நகர்வு ஒன்றரை மி.மீ.க்குச் சுருங்கும். காற்றில் மிதக்கும்போது இன்னும் குறைவு. தட்டான் நொடிக்குச் சுமார் 30 முறைதான் சிறகடிக்கும் என்பதால் சிறகும் ஓரளவு நின்றுவிடும். சிறகு நுனி சற்றுக் கலங்கியிருந்தால் பரவாயில்லை. எனக்கு அப்படி இருப்பதே பிடிக்கும், பறக்கிறது என்று தெரிகிறது.

எஃப்/8க்கு என்ன காரணம்? 300 மி.மீ. லென்ஸில் இரண்டரை மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 செ.மீ. மட்டுமே (சின்ன சென்சார் கேமராவில்). எஃப்/5.6க்குத் திறந்தால் ஒன்றேகால் செ.மீ. ஆகிவிடும். பின்னணி அழகாகக் கரையும் என்று முழுசாகத் திறந்து வைப்பவர்களுக்குப் பூச்சியும் சேர்ந்து கரைந்துவிடும்.

அதிவேகத் தொடர் கிளிக். ரா கோப்பு (கேமரா சுருக்காமல் பதியும் மூலப் படம்). எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் வையுங்கள். பல கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். அதற்குள் சிறகு இடம் மாறிவிடுவதால் ரப்பர் போல வளைந்து விழும். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிவிடுங்கள். ஏன் என்று 7ஆம் பகுதியில் தெரியும்.

5. கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். தயவுசெய்து தாண்டாதீர்கள். என்னோடு வருகிறவர்களிடம் இந்தப் பதினைந்து நிமிடமும் பையின் ஜிப்பைத் திறக்கவே விடமாட்டேன்.

கரையில் அசையாமல் உட்காருங்கள். ஒரே ஒரு தட்டானைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். அது எங்கே திரும்புகிறது? மதகுச் சுவரிலா, நாணல் புதரிலா, ஆகாயத்தாமரைத் திட்டின் விளிம்பிலா? ஆண் தட்டான் தன் எல்லையைக் காக்கப் பறக்கும். எல்லைக்கு முனைகள் உண்டு. முனையில் திரும்பும்போது வேகம் குறையும். சில தட்டான் திரும்புவதற்கு முன் ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து எண்ணுங்கள். ஒரு முனையிலிருந்து கிளம்பி மறுபடி அங்கேயே வர எத்தனை எண்ணிக்கை ஆகிறது? நான் வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ஒரு கார்த்திகைக் காலையில் மதகுப் பக்கம் சுற்றிய அனாக்ஸ் ஒன்று இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள் ஒவ்வொரு முறையும் வந்துகொண்டிருந்தது. இருபது வந்ததும் கேமராவைத் தூக்கினால் போதும், கையும் ஓயவில்லை, ஒரு சுற்றும் தவறவில்லை.

உயரத்தையும் பாருங்கள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலா, இடுப்பு உயரமா? உங்கள் லென்ஸ் அந்த உயரத்துக்கு வர வேண்டும். கடைசியாக, இன்னொரு ஆண் உள்ளே நுழைந்தால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். துரத்திக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தால் இடம் அதற்குச் சொந்தம், நீங்கள் மணிக்கணக்கில் அங்கே உட்காரலாம். போனது திரும்பவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

மஞ்சள் தட்டான் கூட்டத்துக்கு எல்லை கிடையாது. அங்கே தனிப் பூச்சியை விட்டுவிட்டு, கூட்டம் எந்த மூலையில் தேங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு மரத்தின் அல்லது வைக்கோல் போரின் காற்று மறைவில் சின்னப் பூச்சிகள் சேரும், தட்டானும் அங்கேயே சுற்றும்.

6. நிற்கும் இடம்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுபவை. அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் வடக்கு தெற்காகப் போகும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். காலையில் அதன் கிழக்குக் கரையில், முகம் மேற்கே பார்த்து உட்காருங்கள்.

காரணம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். அந்த மாதங்களில் காலை வெயில் தென்கிழக்குச் சாய்விலிருந்து வரும். மேற்கே பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகின் இடப்பக்கமும் காற்று முதுகின் வலப்பக்கமும் அமையும். தட்டான் காற்றை எதிர்த்து உங்கள் பக்கம் முகம் வைக்கும், அந்த முகத்தில் வெயிலும் விழும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது காலையில்தான். மாலையில் வெயில் மேற்கே போய்விடும், காற்று அதே இடத்தில் இருக்கும். அப்போது நேர் முகம் கிடைக்காது, பக்கவாட்டுத் தோற்றத்துக்கு இடம் பாருங்கள்.

நிற்காதீர்கள், உட்காருங்கள். நின்றால் உங்கள் நிழல் நீண்டு தண்ணீரில் விழும், நீங்கள் அசையும்போதெல்லாம் அதுவும் அசையும். தட்டானுக்குத் தலை முழுவதும் கண்தான்; அசைவைத்தான் முதலில் பிடிக்கும். உட்கார்ந்தால் இன்னொரு நன்மை: மேலிருந்து பார்க்கும்போது பூச்சிக்குப் பின்னால் இரண்டு அடியில் தண்ணீரும் குப்பையும் வரும். தாழ உட்கார்ந்து பார்க்கும்போது எதிர்க்கரை பத்தடிக்கு அப்பால் பச்சையாகக் கரைந்து நிற்கும்.

வயல் யாருடையது என்று கேட்டு, சொல்லிவிட்டு இறங்குங்கள். "பூச்சி போட்டோ எடுக்கிறோம் அண்ணே, வரப்போட நின்னுக்கிறோம்" என்று சொன்னால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எந்த மடையில் தட்டான் அதிகம் என்று அவர்களே காட்டுவார்கள். புதிதாக அண்டை வெட்டி மண் அணைத்த வரப்பில் ஏறாதீர்கள், நீங்கள் மிதித்த இடத்தில் தண்ணீர் உடைத்துக்கொள்ளும். மருந்து அடித்த வயலில் அன்றைக்குத் தட்டானும் இருக்காது, நீங்களும் இருக்க வேண்டாம். ஆற்று மதகுகளுக்குக் கீழே இறங்கி உட்காருவது ஆபத்து, தண்ணீர் திறப்பது உங்களுக்குத் தெரியாது. வடுவூர் ஏரி போன்ற சரணாலயங்களில் அனுமதித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது.

7. ஃபோகஸ்: தூரத்தை முதலில் பூட்டுங்கள்

இதுதான் கை வேலையின் மையம். பொறுமையாகப் படியுங்கள்.

ஆட்டோ ஃபோகஸ் பூச்சியைத் தேடும்போது பெரும்பாலும் எதிர்க்கரை நாணலைப் பிடித்துக்கொள்ளும், அது பெரியது, அசையாதது. அங்கிருந்து திரும்பி வருவதற்குள் பூச்சி போய்விடும். அதனால் தூரத்தை நாமே முடிவு செய்கிறோம்.

பூச்சி திரும்பும் இடத்துக்கு நேராக, அதே தூரத்தில் ஒரு கோரைத் தண்டையோ மிதக்கும் இலையையோ கண்டுபிடியுங்கள். அதன் மேல் பின்பக்கப் பட்டனை அழுத்தி ஃபோகஸ் செய்யுங்கள். பட்டனை விட்டுவிடுங்கள். இனி ஷட்டரை எத்தனை முறை அமுக்கினாலும் ஃபோகஸ் நகராது. பின்பக்கப் பட்டனுக்கு மாற்றச் சொன்னது இதற்குத்தான்.

இப்போது உங்கள் முன்னால் சுமார் 2 செ.மீ. தடிமனில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடித் தகடு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சி அந்தத் தகடைத் தொடும் நொடியில் அமுக்க வேண்டும். இரண்டரை மீட்டரில் சிறகு விரித்த பூச்சி ஃபிரேமின் பாதி அகலத்துக்கு வரும், அந்த அளவு போதும். பூச்சி தகடுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ மிதந்தால் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பாதீர்கள். இடுப்பிலிருந்து உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துத் தகடையே நகர்த்துங்கள். விரலால் திருப்புவதைவிட உடம்பால் சாய்வது சீக்கிரம் பழகும்.

வியூஃபைண்டரில் பூச்சியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் முதல் நாள் எல்லோரும் சொல்வது. 300ல் பார்க்கும் சன்னல் மிகச் சின்னது. முதல் மூன்று நான்கு சுற்றுகளுக்கு 150ல் வைத்துப் பிடியுங்கள், படம் சின்னதாக விழட்டும். இடது கண்ணை மூடாதீர்கள். அது வெளியே பூச்சி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும், வலது கண் உள்ளே காத்திருக்கும். பிடிபடப் பிடிபட 200, 300 என்று ஏற்றுங்கள். ஏற்றியதும் தூரத்தை மறுபடி பூட்ட மறக்காதீர்கள், பல லென்ஸ்களில் ஜூம் மாறினால் ஃபோகஸும் நகரும்.

வீட்டில் பயிற்சி வேண்டுமென்றால், திண்ணையில் நூலில் ஒரு வேப்பிலையைக் கட்டித் தொங்கவிட்டு மின்விசிறியை மெதுவாக வையுங்கள். ஆடும் இலை அருகே வரும்போது அமுக்கிப் பழகுங்கள். இரண்டு மாலை இப்படிச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் கரையில் வித்தியாசம் தெரிகிறது.

புதிய கேமராக்கள் சிலவற்றில் பூச்சியையே அடையாளம் கண்டு பின்தொடரும் ஃபோகஸ் இருக்கிறது. இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் அதற்கும் முதலில் கிட்டத்தட்டச் சரியான தூரத்தில் பூட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தூரம் முழுவதும் மங்கலாக இருந்தால் அதற்குப் பூச்சி இருப்பதே தெரியாது.

8. அமுக்குவது

நான்கு ஐந்து படம் வருமளவு சின்னச் சின்னத் தொடராக அமுக்குங்கள். பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, சரியாகப் பூச்சி மிதக்கும் நேரத்தில் நின்றுபோகும்.

பூச்சி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகு அமுக்கினால் தாமதம். தெளியத் தொடங்கும்போதே அமுக்குங்கள். மிதந்து முடித்து அது கிளம்பும் திசைக்குக் கேமராவையும் சேர்த்து நகர்த்துங்கள், அமுக்கிய பிறகும் சற்று நகர்த்திக்கொண்டே இருங்கள். கல்லெறிந்த பிறகும் கை முன்னால் போகுமே, அதுபோல.

பத்துச் சுற்றுக்கு ஒரு முறை திரையில் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து பார்த்தால் அடுத்த சுற்றைத் தவறவிடுவீர்கள்.

9. உட்கார்ந்து எழும்பும் தட்டான்

செந்தட்டான், குளத்து ஓரக் குச்சியில் உட்காரும் கறுப்பு மஞ்சள் வரித் தட்டான் இவற்றுக்கு வேறு வழி. இரை கண்டால் எழும்பிப் போய் அதே குச்சிக்குத் திரும்பும். எழும்புவதைப் பிடிக்க முயலாதீர்கள், எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. இறங்குவதைப் பிடியுங்கள். போனது எப்படியும் வரும், வரும்போது குச்சிக்கு அருகே வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

அது உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் ஃபோகஸ் பூட்டுங்கள். பிறகு குச்சி நுனி ஃபிரேமின் ஓரத்தில் வரும்படி, காற்று போகும் பக்கம் வெற்றிடம் விட்டு அமைத்துக்கொள்ளுங்கள். தட்டான் காற்றை எதிர்த்துத்தான் வந்து இறங்கும் என்பதால் அந்த வெற்றிடத்தில்தான் வரும். பறந்துபோனதும் குச்சியை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். பூச்சியைத் தேடி லென்ஸைத் திருப்பினால் கதை முடிந்தது.

குச்சி இல்லாத குளத்தில் ஒரு மூங்கில் குச்சியை நீங்களே நட்டு வைக்கலாம். கால் மணி நேரத்தில் ஏதாவது ஒன்று வந்து உட்காரும்.

10. தேனீ, கருவண்டு: இங்கே பிளாஷ்

தேனீ நொடிக்கு இருநூறு முறைக்கு மேல் சிறகடிக்கும். அதற்கு 1/3200ம் போதாது, சிறகு புகையாகத்தான் விழும். பிளாஷின் ஒளி இதைவிடக் குறுகியது. தனி பிளாஷை முழுப் பலத்தில் வைக்காமல் 1/16 பலத்தில் வைத்தால் ஒளி சுமார் 1/10,000 நொடியில் அணைந்துவிடும். பலம் குறையக் குறைய ஒளிரும் நேரமும் குறையும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, வெளிச்சம் வேண்டுமென்று பலத்தை ஏற்றி உள்ளதையும் கெடுத்துக்கொள்வார்கள்.

ஷட்டர் 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ 200. நிழலான இடத்தில்தான் இது வேலை செய்யும். வெயிலில் செய்தால் பிளாஷ் ஒரு உருவத்தையும் வெயில் இன்னொரு மங்கல் உருவத்தையும் பதித்துவிடும். அதிவேக ஒத்திசைவு முறையைப் போடாதீர்கள். அதில் பிளாஷ் விட்டுவிட்டுத் துடிக்கும், குறுகிய ஒளியின் பயன் போய்விடும்.

எருக்கம் பூவுக்குக் கருவண்டு தவறாமல் வரும். பூவிலிருந்து நான்கு விரல் முன்னால் தூரத்தைப் பூட்டி, அது பூவை நோக்கி வரும்போது அமுக்குங்கள். பின்னால் ஓர் எருக்கிலை வரும்படி பாருங்கள், இல்லையென்றால் பின்னணி கறுத்துவிடும். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. தொட்ட கையால் வியூஃபைண்டரையும் தொடாதீர்கள்.

பூச்சியைப் பிடித்துக் குளிரூட்டி வைப்பது, நூல் கட்டுவது எல்லாம் வேண்டாம். அப்படி எடுத்த படத்தில் சிறகு நிற்கும் விதமே தப்பாக இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

11. வீட்டுக்கு வந்து: கெட்ட படங்களை முதலில் பாருங்கள்

நல்ல படத்தைத் தேடி எடுத்துவிட்டு மீதியை அழிக்கத்தான் தோன்றும். அதற்கு முன் கெட்டவற்றை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு மங்கலும் ஒவ்வொரு காரணத்தைச் சொல்லும்.

பூச்சி மங்கல், பின்னால் நாணல் தெளிவு: ஆட்டோ ஃபோகஸ் தாவியிருக்கிறது, அல்லது நீங்கள் பூட்டிய தூரம் தள்ளிப்போயிருக்கிறது. பூச்சி மங்கல், வேறு எதுவும் தெளிவில்லை, ஆனால் மங்கல் எல்லாப் பக்கமும் உருண்டையாக இருக்கிறது: தகடுக்கு முன்னால் வந்துவிட்டது, உடம்பைச் சாய்க்கத் தாமதித்திருக்கிறீர்கள். மங்கல் ஒரு திசையில் இழுத்துவிட்டது போல இருந்தால் அது ஃபோகஸ் குறையல்ல, ஷட்டர் போதவில்லை, அல்லது பூச்சி ஒரு பக்கமும் கேமரா வேறு பக்கமும் போயிருக்கிறது. உடல் தெளிவாக இருந்து சிறகு மட்டும் கலங்கியிருந்தால் படம் நல்ல படம், வைத்துக்கொள்ளுங்கள். சிறகு நெளிந்து வளைந்திருந்தால் எலக்ட்ரானிக் ஷட்டர் மறுபடி எப்படியோ இயங்கிவிட்டது. வால் தெளிவாக, தலை மங்கலாக இருந்தால் நீங்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், இடத்தை மாற்ற வேண்டும்.

எந்த வகை அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். முதல் மூன்று முறையும் நூறு படத்துக்கு ஒன்று இரண்டு தேறினாலே சரியான பாதையில் இருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது அதிகம் வந்த அந்த ஒரு குறையை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே கரைக்கு, அதே நேரத்துக்குப் போங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.